அடுத்த தறியை நிறுத்தலாமா?

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் தறிச் சத்தம் கேட்கும். யாளி, அன்னம், மயில், கோபுரம் எல்லாம் பட்டில் ஏறும் ஊர் அது.

இந்த உருவங்களை முன்பு கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்தார்கள். இப்போது பல இடங்களில் கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். அந்தப் படத்தின்படி அட்டைகளில் துளை போடுகிறார்கள். அட்டைகள் தறியின் மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியில் ஏறுகின்றன. துளை உள்ள இடத்தில் பாவு இழை எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது.

தறியின் பேரப்பிள்ளை

பிரான்சு நாட்டில் லியோன் என்ற பட்டு நகரம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஜோசப் மேரி ஜக்கார்டு. 1804-ல் துளை அட்டைத் தறியைக் கொண்டு வந்தவர் அவர்.

இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் ஒரு கணக்கு எந்திரத்துக்குத் திட்டம் போட்டார். அதற்கும் ஜக்கார்டின் துளை அட்டையையே எடுத்துக்கொண்டார். ஆகவே, கம்ப்யூட்டர் நெசவாளிக்கு அந்நியன் அல்ல. தறியின் பேரப்பிள்ளை!

மூன்று நாள் உழைப்பு

கம்ப்யூட்டருக்குள் ஒரே நேரத்தில் பல செயலிகள் வேலை செய்யும். படம் வரைய ஒன்று, கணக்குக்கு ஒன்று, கடிதத்துக்கு ஒன்று.

சில வேளை கம்ப்யூட்டர் நத்தை போல நகரும். அப்போது ஒரு புதுச் செயலி வந்து, "மற்ற எல்லாவற்றையும் நானே மூடிவிடுகிறேன்" என்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்லதுதானே என்று தோன்றும்.

ஆனால், ஒருவர் மூன்று நாளாக வரைந்த யாளிப் படம் அங்கே திறந்திருக்கிறது. இன்னும் சேமிக்கவில்லை. செயலியை வலுவில் மூடினால் யாளி போனது போனதுதான்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. வந்தது திருட்டுச் செயலி என்றால், அது முதலில் காவல் செயலியைத்தான் மூடும். பிறகு கேட்பார் யார்?

மணல் தொட்டி

இதற்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. அதன் பெயர் சாண்ட்பாக்ஸ். குழந்தைகள் விளையாடும் மணல் தொட்டி என்று பொருள். தொட்டிக்குள் இஷ்டம் போல விளையாடலாம். வெளியே மணலை இறைக்கக்கூடாது.

ஆப்பிள் கம்பெனியின் மாக் கம்ப்யூட்டருக்கு ஆப் ஸ்டோர் என்று ஒரு கடை உண்டு. 2012 ஜூன் முதல் அங்கே வரும் புதுச் செயலிகள் இந்தத் தொட்டிக்குள் இருந்தாக வேண்டும். தொட்டிக்குள் உள்ள செயலி, "அதை மூடு" என்று நேராகக் கட்டளை போட்டால் நடக்காது.

வேறு வழி இல்லையா? உண்டு. எந்தச் செயலியோடு பேசப் போகிறது என்று முன்கூட்டியே எழுதி, தனி அனுமதி பெற வேண்டும். கடை மறுக்கவும் கூடும். 2018-ல் மொஜாவே வந்த பிறகு, "இது அதை இயக்க விரும்புகிறது, விடலாமா?" என்று உங்களையும் கேட்கும்.

நீங்கள் சம்மதித்தால் "மூடிக்கொள்" என்ற செய்தி போகும். படச் செயலியோ உடனே மூடாது. "சேமிக்கட்டுமா?" என்று கேட்கும். யாளி பிழைத்தது!

கோர்வை சொல்லும் பாடம்

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் மூன்று நாடாக்கள் ஓடும். இரு கரைகளுக்கு இரண்டு, உடலுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன் எல்லையில் திரும்பும். அங்கே இழையோடு இழை கோத்துக்கொள்ளும். கரை நாடா உடலுக்குள் பாய்ந்தால் சேலை கெட்டுவிடும். செயலிகளும் அப்படித்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

கம்ப்யூட்டர் மந்தமானால் முதலில் வேலையைச் சேமியுங்கள். வேண்டாத செயலியை அதன் வழியிலேயே மூடுங்கள். அசையாமல் நின்றுவிட்டால் மட்டும் வலுவில் மூடுங்கள். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மாக்கில் ஆப்ஷன், கமாண்ட், எஸ்கேப்.

அந்த உரிமை உங்களுடையது. முன்பின் தெரியாத செயலி அதைக் கேட்டால், யோசித்துக் கொடுங்கள்!