செத்த நண்டுக்கு விலையில்லை

சென்ற மாதம் புத்தளத்திலிருந்து ஓர் இளைஞர் என்னைத் தேடிக் கடைக்கு வந்தார். எனது பழைய கூட்டாளி ஒருவரின் மகன். "சாச்சா, நண்டு கொழுக்க வைக்கிற தொழிலொண்டு தொடங்கப் போறன். நீங்களும் பங்குக்கு வரணும்" என்றார். உடனே சரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், அவருடைய வாப்பாவின் கதை.

அவர் மனைவியின் நகையை ஈடு வைத்து இறால் பண்ணை போட்டவர். 1996இல் வெண்புள்ளி நோய் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தது. காலையில் இறால்கள் குளக்கரையில் ஒதுங்கின. ஒரு வாரத்தில் குளம் காலி. 1998இல் நோய் திரும்பவும் வந்தபோது அவரிடம் ஈடு வைக்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

அது வைரஸினால் வரும் நோய். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால், ஒரு குளத்து இறாலை மூன்று முதல் பத்து நாட்களுக்குள் முழுதாக முடித்துவிடக்கூடியது. மருந்தும் கிடையாது. அன்று பண்ணைகள் பலவும் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தும் களப்பிலிருந்தும் தண்ணீரை எடுத்து, அழுக்கை அதிலேயே விட்டன. ஒருவர் கழித்த நீர் அடுத்தவரின் குளத்துக்குப் போனது. நோயும் கூடவே போனது.

இதில் நண்டு வியாபாரிகள் அறிய வேண்டிய ஒன்றுண்டு. இந்த வைரஸ் நண்டின் உடம்பிலும் தங்கும். நண்டு பெரும்பாலும் சாகாது. நல்ல சுகமாகவே தெரியும். ஆனால், அது இறால் குளத்துக்குள் ஏறினால் நோயையும் கொண்டு போகும். கவனமான பண்ணைக்காரர் வரம்பைச் சுற்றி வலை கட்டுவது இதற்காகத்தான்.

கூடைக்குள் நடப்பது

நானும் பாடம் படித்தவன்தான். பல வருடங்களுக்கு முன் உயிர் நண்டு ஏற்றி வந்த லொறி, சிலாபத்துக்குக் கிட்ட வெயிலில் பழுதாகி நின்றது. கொழும்பில் கூடைகளைத் திறந்தபோது மூன்றில் ஒரு பங்கு செத்திருந்தது. நான் சாரதியை ஏசினேன். பழைய நண்டு வியாபாரி ஒரு நானா என்னைத் தடுத்தார்: "தம்பி, நண்டு தண்ணி இல்லாம சாகல்ல. செவுள் காஞ்சுதான் செத்திருக்கு."

உண்மை. செவுள் ஈரமாக இருந்தால் சேற்று நண்டு தண்ணீருக்கு வெளியே சில நாட்கள் தாங்கும். ஈரச் சாக்கு, நிழல், காற்றோட்டம் மூன்றும் போதும். சிங்கப்பூர் உணவகங்களில் இலங்கை நண்டு என்று பெயர் சொல்லி விற்கிறார்கள். அந்தப் பெயர் உயிர் நண்டுக்குத்தான். செத்த நண்டின் சதை வெகு சீக்கிரம் பழுதாகிவிடும். அதை வாங்க ஆளில்லை.

கொழுக்க வைப்பது

ஓடு கழற்றிய நண்டு மென்மையாக இருக்கும். ஓடு இறுகிய பிறகும் உள்ளே சதை குறைவு, தண்ணீர்தான் அதிகம். அதை மலிவாக வாங்கி, மூன்று நான்கு வாரம் தீனி போட்டுச் சதை பிடித்ததும் விற்பதே இத்தொழில். ஒரே கூட்டில் பலதை விட்டால், பலமானது மெத்தென்றிருப்பதைத் தின்றுவிடும். ஆகவே ஒரு கூட்டுக்கு ஒரு நண்டு. மிஞ்சிய தீனியை அகற்றாவிட்டால் அது அழுகி அமோனியா உண்டாகும். அதுவும் நண்டைக் கொல்லும்.

மீன் வளர்ப்போருக்கும் இதே கணக்குத்தான். குளத்துப் பாசி பகலில் ஒட்சிசன் தரும். இரவில் அதுவே ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில்தான் ஆபத்து. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் குளம் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். ஆசைப்பட்டு அளவுக்கு மிஞ்சிக் குஞ்சு விட்டவருக்கே பெரும்பாலும் இது நடக்கும். கண்ட மருந்தைப் போட்டுச் சமாளிக்கவும் முடியாது. குளோரம்பெனிகோல் காணப்பட்டதால் 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் சீனாவின் இறாலைத் தடுத்தது நினைவிருக்கட்டும்.

எனது நிபந்தனை

இன்று இறால் பண்ணைகள் வலயம் வலயமாக முறை வைத்துப் பயிர் செய்ய 'நெக்டா' எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை காலஅட்டவணை போடுகிறது. பட்ட அடியிலிருந்து வந்த புத்தி அது. அந்தப் பிள்ளையிடம் நான் நான்கு கேள்விகள் கேட்டேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? உமக்கு மேலே யார் கழிவு விடுகிறார்? உம்முடைய கழிவு யாருக்குப் போகிறது? தினமும் எத்தனை செத்தது என்று எழுதிவைப்பீரா?

முதல் மூன்றுக்கும் பதில் சொன்னார். நான்காவதற்குத் தயங்கினார். "செத்ததை எழுதி என்ன சாச்சா பயன்?" என்றார். "வாப்பா எழுதியிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். பக்கத்துப் பண்ணைக்காரனுக்கும் சொல்லியிருப்பாரு" என்றேன்.

பேசாமல் இருந்தார். பிறகு ஒரு கொப்பி வாங்கித் தரும்படி கேட்டார். இருநூறு கூட்டுடன் தொடங்குகிறோம். அதற்கு மேல் போவதா இல்லையா என்பதை அந்தக் கொப்பி சொல்லட்டும்.