நடுவில் இறங்கிக்கொள்ளலாமா?

கடந்த தீபாவளிக்கு மறுநாள். சிரம்பானில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்திருந்தது. முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் மடிக்கணினி. திரையில் கிரேக்க நாட்டு வரைபடம். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான், என் கணவர், எங்கள் மகள் என மொத்தம் எட்டுப் பேர். ஒரு பாய்மரப் படகை ஒரு வாரத்திற்கு வாடகைக்கு எடுத்து, மத்தியதரைக் கடலில் தீவு தீவாகப் போய்வருவது என்பதுதான் திட்டம். இரண்டு பெண்பிள்ளைகளும் கல்லூரி முடிப்பதற்குள் எல்லாரும் சேர்ந்து ஒரு பயணம் போகவேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

என் மகள் படங்களைக் காட்டிக்கொண்டே போனாள். வெள்ளை வீடுகள், நீலக் கடல். அதுவரை பேசாமல் இருந்த அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நடுவுல எறங்கணும்னா எறக்கி விடுவாங்களா?”

எல்லாரும் சிரித்துவிட்டோம். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

அப்பாவுக்கு வயது 73. ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் வெட்டியவர், மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டியவர். எங்கள் லயத்திலிருந்து போர்ட்டிக்சன் கடற்கரை வண்டியில் அரை மணி நேரம்தான். ஆண்டுக்கு ஒரு முறை தோட்டத்து லோரியில் எல்லாரும் கடலுக்குப் போவோம். அப்பா கால்சட்டையை மடித்துவிட்டுக் கணுக்கால் வரைதான் தண்ணீரில் நிற்பார். பிறகு கரைக்கு வந்து எங்கள் செருப்புகளையும் சாப்பாட்டுப் பொட்டலங்களையும் காவல் காப்பார். அவருக்கு ஈர மணல் பிடிக்காது என்றே இத்தனை ஆண்டும் நினைத்திருந்தேன்.

அன்றிரவு அம்மாதான் சொன்னார். பாட்டி 1937-இல் நாகப்பட்டினத்தில் ‘ராஜூலா’ கப்பல் ஏறியபோது கையில் எட்டு மாதப் பெண் குழந்தை இருந்ததாம். கப்பலில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் இரவு இறந்துபோனது. துணியில் சுற்றிக் கடலில் இறக்கிவிட்டார்கள். பாட்டி அதைக் கடைசிப் பிள்ளையான அப்பாவிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

அப்பாவின் கேள்வி அங்கிருந்து வந்தது. பாட்டியால் நடுவில் இறங்க முடியவில்லை.

1926-இல் கட்டப்பட்ட ராஜூலாவில் நம் மக்கள் பெரும்பாலும் மேல்தளப் பயணிகளாகத்தான் வந்தார்கள். தோட்ட முதலாளிகள் பணம் கட்டிய குடியேற்ற நிதி பயணச் செலவை ஏற்றது. எந்தக் கப்பல், எந்த மாதம், எந்தத் தோட்டம் என்பதில் அவர்களுக்குப் பெரிய தேர்வு இருக்கவில்லை. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வு எல்லாமே கையில் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அப்பாவின் கேள்வியை முன்னால் வைத்து மறுபடி முதலிலிருந்து திட்டமிட்டோம். இதுபோல் ஒரு பயணம் போக நினைக்கும் குடும்பங்களுக்கு நாங்கள் கற்றுக்கொண்டது உதவக்கூடும்.

எந்தக் கடல், எந்த மாதம்?

எங்கள் முதல் திட்டம் ஜூலையில் சாந்தோரினி, மிக்கோனோஸ். படங்களில் அழகான இடங்கள்தான். ஆனால் அவை இருக்கும் சைக்ளடீஸ் தீவுக்கூட்டத்தில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ‘மெல்டெமி’ என்னும் வடகாற்று வீசும். வானம் தெளிவாக இருக்கும்போதே நாள்கணக்கில் பலமாக அடிக்கும். அனுபவசாலிகளே துறைமுகத்தில் படகைக் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். தீவுகளுக்கிடையே தூரமும் அதிகம். அப்பாவை அங்கே கூட்டிப்போக முடியாது.

கிரேக்கத்தின் மேற்குப் பக்கம் அயோனியன் கடலில் கொர்ஃபு, லெஃப்கடா, இத்தாக்கா போன்ற தீவுகள் உள்ளன. அங்கே காற்று பொதுவாக மிதம். குரோவேஷியாவில் ஹ்வார், விஸ், கோர்ச்சுலா தீவுகளும் குடும்பங்களுக்கு ஏற்றவை. இறுதியில் நாங்கள் தேர்ந்தெடுத்தது ஏதென்சுக்குப் பக்கத்தில் இருக்கும் சரோனிக் வளைகுடா. ஏஜினா, போரோஸ், ஹைட்ரா, ஸ்பெட்செஸ் ஆகிய தீவுகள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்த நான்கு தீவுகளிலிருந்தும் ஏதென்சின் பிரேயஸ் துறைமுகத்திற்குப் பயணிகள் படகு ஓடுகிறது. அப்பாவுக்கு முடியவில்லையென்றால் அன்றைக்கே இறங்கி, அம்மாவோடும் எங்களில் ஒருவரோடும் ஏதென்சுக்குத் திரும்பிவிடலாம். மற்றவர்களின் பயணமும் கெடாது.

மாதத்தையும் செப்டம்பர் கடைசி வாரத்துக்கு மாற்றினோம். கோடை முழுவதும் சூடேறிய கடல் அப்போதும் குளிக்க இதமாக இருக்கும். கூட்டம் குறையும், படகு வாடகையும் உச்சப் பருவத்தைவிடக் குறையும்.

படகும் கேப்டனும்

படகை மட்டும் வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுவது ஒரு வகை. கேப்டனோடு எடுப்பது இரண்டாம் வகை. சமையல்காரர் உட்பட முழுப் பணியாளர்களோடு எடுப்பது மூன்றாம் வகை. அது செலவு மிகுந்தது. நாமே ஓட்டுவதென்றால் கிரேக்கத்தில் அங்கீகரிக்கப்பட்ட உரிமம் உள்ள ஒருவரும், அனுபவமுள்ள இன்னொருவரும் படகில் இருக்கவேண்டும். ஐந்து நாள் வகுப்புக்குப் போய் உரிமம் எடுக்கிறேன் என்று அண்ணன் சொன்னார். எடுக்கலாம். ஆனால் ஐந்து நாள் படிப்பை நம்பி, நீந்தத் தெரியாத பெற்றோரை ஏற்றிக்கொண்டு போவதற்கு அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. எனவே கேப்டனோடு எடுப்பது என்று முடிவானது.

அடுத்து, ஒற்றை உடல் படகா, இரட்டை உடல் படகா? ஒற்றை உடல் படகு வாடகை குறைவு. ஆனால் காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும். இரட்டை உடல் படகு அவ்வளவு சாயாது, நடமாட இடமும் அதிகம். அதன் ஆங்கிலப் பெயரான ‘கேட்டமரான்’ நம்முடைய ‘கட்டுமரம்’ என்ற சொல்லிலிருந்து போனதுதான். மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் கட்டுமரம் வேறு, இந்தப் படகு வேறு என்றாலும், பெயரைக் கேட்டதும் அப்பாவின் முகத்தில் சிறு சிரிப்பு. “அப்ப நம்ம ஊரு வண்டிதானா?” என்றார்.

நான்கு அறைகள் கொண்ட படகு எங்களுக்குச் சரியாக இருந்தது. அப்பா அம்மாவுக்கு ஒன்று, இரண்டு குடும்பங்களுக்கு இரண்டு, பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. கேப்டனுக்குத் தனியாகப் படுக்கை இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். பலர் இதை மறந்துவிட்டுக் கடைசியில் வரவேற்பறையை அவருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள்.

வயதானவர்கள் வந்தால் இன்னொன்றையும் கேளுங்கள். மத்தியதரைத் துறைமுகங்களில் முன்பக்கம் நங்கூரம் போட்டு, படகின் பின்பக்கத்தைக் கரையோடு கட்டுவார்கள். கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு நடைப்பலகை போடுவார்கள். சில பலகைகளுக்குக் கைப்பிடி இருக்காது. அப்பாவுக்குக் கைப்பிடி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டோம்.

பணக் கணக்கு

நான் கணக்காளர் என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. எங்களுக்கு வந்த விலைகளைச் சுருக்கமாகத் தருகிறேன். படகு வாடகை 4,800 யூரோ. கேப்டனுக்கு நாளுக்கு 200 வீதம் 1,400. துப்புரவு, படுக்கை விரிப்புகளுக்கு 300. எரிபொருள், தண்ணீர், துறைமுகக் கட்டணத்திற்கு 450. சாப்பாட்டுச் சாமான் 900. மொத்தம் 7,850 யூரோ. ஒரு யூரோ ஐந்து ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 39,250 ரிங்கிட். ஆளுக்கு ஏறக்குறைய 4,900.

இதோடு எட்டு விமானச் சீட்டுகள் 32,000, ஏதென்சில் தங்கும் செலவும் காப்புறுதியும் 6,000 சேர்த்தால் 77,000 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. இரண்டு குடும்பமும் பெற்றோர் செலவைப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கு மாதம் 1,600 ரிங்கிட் வீதம் இரண்டு ஆண்டுகள் சேமிப்பது என்று முன்பே முடிவுசெய்து, தனிக் கணக்குத் தொடங்கியிருந்தோம். சிறிய தொகையல்ல. கடன் வாங்கிப் போகவேண்டிய பயணமும் அல்ல.

விளம்பரத்தில் தெரிவது படகு வாடகை மட்டுமே. எங்கள் கணக்கில் அது மொத்தப் படகுச் செலவில் அறுபது விழுக்காடுதான். மீதியை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. இதைத் தவிர, படகுக்குச் சேதம் ஏற்பட்டால் பிடித்துக்கொள்ள ஒரு பிணைத்தொகையும் கேட்பார்கள். சேதமில்லையென்றால் திரும்பி வரும். கேப்டனின் சாப்பாடு நம் பொறுப்பு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

வாடகை வழக்கமாகச் சனிக்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடியும். ஆனால் வெள்ளிக்கிழமை மாலையே படகைத் திரும்பக் கொண்டுவரச் சொல்வார்கள். எனவே கடலில் கிடைப்பது ஆறு நாள்தான். நாங்கள் ஸ்பெட்செசை விட்டுவிட்டோம். ஏஜினாவில் பிஸ்தா தோப்புகள், போரோஸ், பிறகு ஹைட்ராவில் இரண்டு இரவு. ஹைட்ராவில் கார், மோட்டார்சைக்கிள் கிடையாது. சாமான் சுமப்பது கழுதைகள். அங்கே துறைமுகம் சிறியது என்பதால் மதியத்திற்குள் போய்ச் சேரவேண்டும்.

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகையும் படமும் பதிவுசெய்யும் முறை தொடங்கியிருக்கிறது. ‘ஈட்டியாஸ்’ என்ற இணைய முன் அனுமதியும் வரவிருக்கிறது. புறப்படுமுன் அதன் நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது வயது வரம்பையும், இரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்குப் பாதுகாப்பு உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

லயத்துப் பழக்கம்

படகில் தண்ணீர் தொட்டியில் இருப்பதுதான். ஒன்பது பேர் தாராளமாகக் குளித்தால் இரண்டே நாளில் தீர்ந்துவிடும். கழிப்பறையில் காகிதம் போடக்கூடாது. சுவர் மெல்லியது, பக்கத்து அறையில் இருமினால் கேட்கும். இதையெல்லாம் சொன்னதும் பெண்பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். அம்மா மட்டும் அசரவில்லை. “ஒரு பைப்புல எட்டு வீடு தண்ணி புடிச்சோம். ஒரு வாளியில குளிக்கத் தெரியாதா?” என்றார். படகில் தண்ணீர்ப் பொறுப்பு அம்மாவுக்கு என்று அப்போதே முடிவாகிவிட்டது.

போர்ட்டிக்சனில் ஒத்திகை

பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போர்ட்டிக்சனில் இரண்டு மணி நேரத்திற்கு ஒரு பாய்மரப் படகை எடுத்தோம். அப்பா வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காலை ஐந்து மணிக்கே, பெரட்டுக்குப் போகிறவர்போல் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

உயிர்காப்பு அங்கியை மாட்டி, படகின் நடுவில் உட்காரவைத்தோம். அங்கேதான் ஆட்டம் குறைவு. கைப்பிடியை விடவே இல்லை. தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் தெரிந்தபோது, ராஜூலா எந்தப் பக்கம் போயிருக்கும் என்று கேட்டார். பயணிகளைக் கிள்ளான் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, இந்த நீரிணை வழியாகத்தான் சிங்கப்பூருக்குப் போயிருக்கும் என்று அண்ணன் கைகாட்டினார். அப்பா அந்தப் பக்கமே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். “போதும், திருப்பச் சொல்லு” என்றார். படகோட்டும் இளைஞர் ஏன் என்று கேட்கவில்லை. உடனே திருப்பினார். மீதி நேரத்துக்குக் கட்டிய பணம் போனது. யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

திட்டம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டே காரில் வந்தோம். லுக்குட் தாண்டியதும் அப்பா சொன்னார்: “சொன்னவுடனே திருப்பிட்டாரு, பார்த்தியா?”

அடுத்த வாரம், கடப்பிதழைப் புதுப்பிக்க எப்போது போகலாம் என்று அவரே தொலைபேசியில் கேட்டார். இப்போது சிரம்பானில் வாரம் இரண்டு நாள் நீச்சல் குளத்திற்கும் போகிறார். நீந்த வரவில்லை; முகத்தைத் தண்ணீரில் வைக்கிறார். அதுவே பெரிது.

முன்பணம் கட்டிவிட்டோம். வரும் செப்டம்பரில் பயணம். ஏஜினாவில் முதல் நாளே அப்பா இறங்கிவிடலாம். கடைசி நாள் வரை இருந்தாலும் இருக்கலாம். இரண்டுக்கும் திட்டம் இருக்கிறது, இரண்டுக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறோம்.

நீங்களும் குடும்பத்தோடு இப்படி ஒரு பயணம் போக நினைத்தால், படங்களைக் காட்டுவதற்கு முன் உங்கள் வீட்டில் கடலுக்குப் பயப்படுகிறவர் யார் என்று கேளுங்கள். ஏன் என்றும் கேளுங்கள். எந்தத் தீவு, எந்த மாதம், எந்தப் படகு என்பதற்கு அவருடைய பதிலிலிருந்தே வழி கிடைக்கும்.