கரண்ட் இருக்கிறதா என்று கேட்டால் போதுமா?

மணிப்பூரின் லெய்சாங் கிராமத்துக்கு 2018 ஏப்ரல் 28 அன்று மின்சாரம் வந்தது. நாட்டில் இனி மின்வசதி இல்லாத கிராமமே இல்லை என்று மத்திய அரசு அறிவித்தது. அதில் பொய் இல்லை. சூட்சுமம் வரையறையில் இருந்தது.

2004 முதல் இருந்த விதிப்படி, குடியிருப்பில் டிரான்ஸ்பார்மரும் மின்கம்பியும் இருக்க வேண்டும், பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களில் மின்சாரம் வேண்டும், நூற்றுக்குப் பத்து வீடுகளுக்காவது இணைப்பு வேண்டும். இவ்வளவு இருந்தால் ஊரே மின்மயம். மீதித் தொண்ணூறு வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தாலும் கணக்கு பிசகாது. 1997 வரை இன்னும் தாராளம்: ஊர் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது கரண்ட் பயன்பட்டாலே போதும், வயலில் ஒரு பம்ப்செட் ஓடினால்கூட.

ஊரை விட்டு வீட்டை எண்ணத் தொடங்கியது முன்னேற்றம்தான். ஆனால் மீட்டர் மாட்டிய வீட்டில் மாலை ஏழு மணிக்கு விளக்கு எரிகிறதா, மின்விசிறி சுற்றும் அளவுக்கு வோல்டேஜ் வருகிறதா என்பது வேறு கேள்வி. அதற்காகத்தான் உலக வங்கி 2015இல் 0 முதல் 5 வரையிலான படிநிலை அளவுகோலைக் கொண்டுவந்தது. நாளுக்கு 4 மணி நேரம், அதில் மாலையில் 1 மணி நேரம் கிடைத்தால் முதல் படி. 23 மணி நேரம் கிடைத்தால்தான் ஐந்தாம் படிக்குத் தகுதி. எத்தனை முறை தடைபடுகிறது, கட்டணம் கட்டுபடியாகிறதா, இணைப்பு சட்டப்படியானதா, பாதுகாப்பானதா என்றும் பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சராசரி போடுவதில்லை. எதில் மிகவும் பின்தங்கியிருக்கிறதோ அதுவே அந்த வீட்டின் படி. ஒரு பாடத்தில் தவறினாலும் ஃபெயில் என்கிற பள்ளிக்கூடக் கணக்குதான். கறாரானது, ஆனால் நியாயமானது என்பேன்.

அடுப்படிக்கு வந்தால் அளப்பது இன்னும் சிரமம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மின்வசதியுள்ள வீடுகளில் வசிப்போர் 96.8 சதவீதம்; சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்தும் வீடுகளோ 58.6 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணும் 'முக்கியமாக எதில் சமைக்கிறீர்கள்' என்ற ஒற்றைக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான். காலையில் டீக்கு கேஸ், மதியச் சோற்றுக்கு விறகு என்று இரண்டடுப்பும் எரியும் வீடு ஏதாவது ஒரு பக்கம் விழுந்துவிடுகிறது, பெரும்பாலும் பதில் சொன்னவர் நினைத்த பக்கம். சிலிண்டர் கணக்கில் அந்தச் சந்தேகம் இல்லை: ஏழை வீடுகளுக்கு கேஸ் இணைப்பு தரும் மத்திய அரசின் உஜ்வாலா திட்டத்தில் சேர்ந்த வீடுகள் 2019-20இல் வாங்கிய மறுநிரப்பு, சராசரியாக ஆண்டுக்கு மூன்று.