ஒரே அளவுப் பாதையும் விளைபொருட் போக்குவரத்தும்

விளைபொருள் சந்தையை அடையும் வரை ஆகும் கூலியனைத்தும் முடிவில் பயிரிடுவோர் தலையிலேயே விழுகின்றது. இதற்கு ஆஸ்திரேலியா தேசத்தின் அநுபவம் தக்க சான்றாகும்.

அங்கே ஒவ்வொரு ராஜ்யமும் தன் விருப்பப்படி இருப்புப்பாதை அமைத்தது. தண்டவாளங்களின் இடையகலம் நியூ சௌத் வேல்ஸில் 4 அடி 8½ அங்குலம். விக்டோரியாவில் 5 அடி 3 அங்குலம். 1883-ஆம் ஆண்டில் இவ்விரு பாதைகளும் ஆல்பரி என்னும் எல்லையூரில் சந்தித்தும், ஒன்றின் வண்டி மற்றதில் ஓட இயலவில்லை. சரக்கை அங்கே இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. அதனால் கூலி மிகுந்தது, காலம் வீணாயிற்று. 1962-இல் சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை ஒரே அளவுப் பாதை முற்றுப்பெற்ற பின்னரே இவ்விடர் நீங்கிற்று. பெர்த் வரை 1970-இலும், மெல்போர்ன், அடிலெய்டு இடையே 1995-இலும் அவ்வளவே ஏற்பட்டது.

சாலையிலும் இக்குறை இருந்தது. லாரியின் நீளம், பாரம் பற்றிய விதிகள் ராஜ்யந்தோறும் வேறுபட்டன. 2014 முதல் மேற்கு ஆஸ்திரேலியாவும் வடபிரதேசமும் நீங்கலாக ஏனைய பகுதிகளில் ஒரே சட்டம் வழங்கிவருகின்றது.

இரு மார்க்கங்களையும் இணைப்பது 20 அடி, 40 அடி நீளமுள்ள கண்டெய்னர் பெட்டியாகும். மூட்டைகளைத் தொடாமல் பெட்டியையே ரயிலினின்று லாரிக்கு மாற்றலாம்.

இந்தியாவிலும் மீட்டர் பாதைகளை 5 அடி 6 அங்குல அகலப்பாதையாக்கும் திட்டம் 1992-இல் தொடங்கியது. ஆயினும் கிராமத்துப் பாலம் லாரியின் பாரத்தைத் தாங்காவிடில் அப்பயன் வயலை எட்டாது. ஆதலின் சாலை, பாலம், கிடங்கு ஆகியவற்றை அமைக்கையில் இவ்வளவுகளைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.