நெரிபடும் நரம்பும் மரத்த பாதமும்

சர்க்கரை நோய் கால் நரம்புகளை நுனியிலிருந்துதான் தாக்கத் தொடங்குகிறது. முதுகின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பிக் கால்விரல்வரை ஓடும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அவ்வளவு நீண்ட இழைக்கு ஊட்டம் போய்ச் சேருவது கடினம் என்பதால் அதன் கடைசி முனை முதலில் வாடுகிறது. விரல்கள், பாதம், கணுக்கால் என்று இரண்டு கால்களிலும் ஒரே அளவில் மரப்பு மேலேறும். முழங்காலை நெருங்கும்போது கைவிரல் நுனிகளும் மதமதக்கத் தொடங்கும். நோயாளிகள் இதை மூன்று விதமாகச் சொல்வார்கள்: “ராத்திரியில பாதம் தீயா எரியுது”, “பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு”, “செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல.” மூன்றில் ஆபத்தானது கடைசியில் வருவது. எரிச்சல் உள்ளவர் மருத்துவரைத் தேடிப் போகிறார், மரத்துப்போனவர் போவதில்லை.

சென்னையில் நடத்தப்பட்ட ‘க்யூர்ஸ்’ ஆய்வின் 2008ஆம் ஆண்டுக் கட்டுரை, நகரின் சர்க்கரை நோயாளிகளில் 26.1 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு இருப்பதைக் காட்டியது. நால்வரில் ஒருவர் என்றே கொள்ளலாம். மிகுதியான குளுக்கோஸ் நரம்புக்குள் சார்பிட்டால் என்ற பொருளாக மாறித் தேங்குகிறது; நரம்புக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களின் சுவர் தடித்துவிடுகிறது. இந்த அழிவை எந்தக் கத்தியாலும் அறுத்து நீக்க முடியாது. சர்க்கரைக் கட்டுப்பாடே அதற்கு முதல் மருந்து. 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் கடுமையான கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தபோது நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. நம்மிடையே மிகுதியாகக் காணப்படும் இரண்டாம் வகையில் பலன் அந்த அளவுக்கு இல்லை. வலிக்கு டுலாக்ஸெட்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் உண்டு. அவை வலியைத் தணிக்குமே தவிர, போன உணர்ச்சியைத் திருப்பித் தராது.

அப்படியானால் அறுவைக்கு இங்கே என்ன வேலை? 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகர அறுவை மருத்துவர் லீ டெலன் ஒரு விடை சொன்னார். சர்க்கரை தேங்கிய நரம்பு நீரை இழுத்து வீங்குகிறது. அது கடந்துபோகும் குறுகிய பாதைகளிலோ தசைநார்கள் விறைத்துப்போயிருக்கின்றன. வீங்கிய விரலில் மோதிரம் இறுகுவதுபோல நரம்பு அங்கே நெரிபடுகிறது. ஏற்கெனவே நலிந்த நரம்பு இன்னோரிடத்தில் எளிதில் நெரிபடும் என்று 1973இலேயே அப்டன், மெக்கோமஸ் என்ற இருவர் எழுதியிருந்தார்கள். சர்க்கரை நோயாளிகளின் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதும், அதை அறுவையால் விடுவிப்பதும் உலகெங்கும் ஏற்கப்பட்ட சிகிச்சை. அதே கணக்கைக் காலுக்கும் போட்டார் டெலன்.

காலில் விடுவிக்க வேண்டிய இடங்கள் மூன்று. முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறம் தடவினால் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். அதைச் சுற்றி ஓடும் நரம்பு ஓரிடம். பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலுக்குப் போகும் சிறு தசைநாணுக்கு அடியில் இன்னோரிடம். மூன்றாவதுதான் முக்கியமானது: கணுக்காலின் உட்புறத்தில், குதிகாலுக்கு மேலே உள்ள சுரங்கம். உள்ளங்காலுக்குப் போகும் நரம்பு இதன் வழியாக நுழைந்து கிளை பிரிகிறது. அறுவை மருத்துவர் நரம்பைத் தைப்பதோ வெட்டுவதோ இல்லை. அதன் மேல் இறுகிக் கிடக்கும் தசைநாரை மட்டும் வெட்டித் திறந்துவிடுகிறார். யாருக்குப் பலன் கிடைக்கும் என்பதை முன்கூட்டி ஊகிக்க ஒரு பழைய சோதனை உதவுகிறது. நரம்பு போகும் இடத்தில் விரலால் தட்டினால் பாதத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று வர வேண்டும். பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினேல் 1915இல் விவரித்த அறிகுறி இது. தட்டியும் எந்த உணர்வும் எழாத காலைத் திறந்து பார்ப்பதில் அதிகம் எதிர்பார்ப்பதற்கில்லை.

நன்றாக வேலை செய்வதாக நூற்றுக்கணக்கான நோயாளிகளின் விவரங்களோடு கட்டுரைகள் வந்தன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க அறுவை செய்துகொள்ளாத குழு அவற்றில் இல்லை. அமெரிக்க நரம்பியல் கழகம் 2006இல் இந்தச் சிகிச்சையை நிரூபிக்கப்படாதது என்று வகைப்படுத்தியது. 2008இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்புக்கும் தகுதியான ஒப்பீட்டு ஆய்வு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பின்னர் நெதர்லாந்தில் 42 பேரிடம் ஒரு காலுக்கு மட்டும் அறுவை செய்து, மறுகாலோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டில் அறுவை செய்த காலில் வலி கணிசமாகக் குறைந்தது. ஆனால் நரம்பில் மின்னோட்டம் பாயும் வேகத்தை அளந்தபோது முன்னேற்றம் தென்படவில்லை. எந்தக் காலில் கத்தி பட்டது என்பது நோயாளிக்குத் தெரியும். அந்த நம்பிக்கையே வலியின் ஒரு பகுதியைக் குறைத்திருக்கலாம். தோலை மட்டும் கீறித் தைத்த போலி அறுவையோடு ஒப்பிட வேண்டும் என்று நரம்பியலாளர்கள் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். ஆகவே இந்த அறுவை எல்லாச் சர்க்கரைக் கால்களுக்குமான சிகிச்சை அல்ல. நெரிசல் தெளிவாகத் தெரிகிற, மாத்திரைக்கு அடங்காத வலியுள்ள, ரத்த ஓட்டம் நல்ல நிலையில் உள்ள சிலருக்கு மட்டுமே இதைப் பரிசீலிக்கலாம். “மரத்துப்போனது மீண்டும் வந்துவிடும்” என்று உறுதி கொடுத்து எல்லோரையும் மேசையில் ஏற்றுவது தவறு.

வலி மட்டுமே பெருந்தொல்லையாக உள்ளவர்களுக்கு இன்னொரு வழி வந்திருக்கிறது. முதுகுத்தண்டை ஒட்டி மெல்லிய கம்பிகளைச் செருகி, தோலுக்கடியில் வைத்த சிறு கருவியிலிருந்து நொடிக்கு 10,000 துடிப்புகளாக மின்சாரம் அனுப்பும் முறை அது. 216 பேரிடம் நடந்த ஆய்வுக்குப் பிறகு 2021இல் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது. கருவி பொருத்திக்கொண்டவர்களில் வலி பாதிக்கு மேல் குறைந்தவர்கள் பெரும்பான்மையினர். ஒப்பீட்டுக் குழுவுக்கு வழக்கமான மருந்துகள் மட்டுமே தரப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருவியின் விலையும் கிருமித்தொற்று அபாயமும் சிறியவை அல்ல.

உறுதியான பலன் தரும் அறுவைகள் நரம்பைத் தொடுவதே இல்லை. உணர்ச்சியற்ற பாதத்தில் அழுத்தம் விழும் இடத்தை மாற்றுவதுதான் அவற்றின் வேலை. இந்த அறிவின் வேர் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்களைக் கூர்ந்து கவனித்தார். அவர்களுடைய சதை தானாக அழுகுகிறது என்பது அன்றைய நம்பிக்கை. சதையில் கோளாறில்லை, வலி தெரியாததால் அவர்கள் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் மிதித்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள் என்பதை அவர் காட்டினார். உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு நடக்கவிடும் முறையை இந்தியாவில் ஜோசப் கானும் இலங்கையில் மில்ராய் பாலும் 1930களிலேயே கையாண்டிருந்தார்கள். பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் என்ற ஊருக்குப் போனபோது, அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் அதே புண்ணைக் கண்டார். அதே மாவுக்கட்டு அங்கேயும் ஆற்றியது. இன்று நம் மருத்துவமனைகள் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பும் தொழுநோய் மருத்துவத்திலிருந்து வந்ததுதான்.

சர்க்கரை நோயில் குதிநாண் விறைத்துக் குறுகும். அதனால் நடக்கும்போது எடை அதிகமாக முன்பாதத்தில் இறங்கி, ஆணி விழுந்த இடம் புண்ணாகிறது. சிறு கீறல்கள் வழியே குதிநாணைச் சற்று நீளமாக்கினால் அந்த அழுத்தம் குறையும். 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மாவுக்கட்டு மட்டும் போட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு ஏழு மாதங்களில் புண் திரும்பியது. குதிநாண் அறுவையும் சேர்த்துச் செய்துகொண்டவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான் திரும்பியது. இரண்டு ஆண்டுகளில் அது 81, 38 என்றானது. அளவுக்கு மீறி நீட்டினால் புண் குதிகாலுக்கு மாறிவிடலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கொக்கிபோல் வளைந்த விரலின் நுனியில் புண் வந்தால், விரலுக்கடியில் உள்ள நாணை வெட்டி நிமிர்த்துவது சில நிமிட வேலை. வலியே இல்லாமல் பாதம் வீங்கிச் சூடாகிச் சிவந்தால் அது சார்க்காட் பாதமாக இருக்கலாம். கிருமித்தொற்று என்று நினைத்து நாளைக் கடத்தினால் எலும்புகள் நொறுங்கிப் பாதம் உருக்குலையும். அதற்கு முதலில் தேவை மாவுக்கட்டு. எலும்பைச் சீராக்கும் அறுவை பெரும்பாலும் வீக்கமும் சூடும் தணிந்த பிறகுதான்.

ஆடிக் கிருத்திகைக்குச் சென்னை வடபழனி முருகன் கோயிலுக்கு வெறுங்காலில் வருபவர்களில் இப்படி உணர்ச்சியற்ற பாதம் உள்ளவர்களும் உண்டு. வெயில் ஏறிய கருங்கல்லும் தாரும் உள்ளங்காலைக் கொப்பளிக்கவைக்கும். வீட்டுக்குப் போய்க் கழுவும்போதுதான் தெரியும். வெயில் ஏறுமுன் தரிசனம் செய்வதும், தடித்த காலுறையோடு பிராகாரம் சுற்றுவதும் பக்திக்குக் குறை ஆகாது. அதே வடபழனியில், கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் விஜயா, சிம்ஸ் போன்ற பல்துறை மருத்துவமனைகள் இருக்கின்றன. சர்க்கரை மருத்துவர், நரம்பியல் மருத்துவர், ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் மூவரையும் ஒரே கூரையின் கீழ்ப் பார்க்க முடிவது இந்த நோயில் பெரும் வசதி.

அறுவைக்கு முன் அந்த மூவரும் பார்க்க வேண்டியவை சில. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட்டால் காலுக்கு ரத்தம் போதுமான அளவு போகிறதா என்பது ஓரளவு தெரியும். போகாத காலில் போட்ட தையல் ஆறாது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்து, அதனாலேயே கால் மரக்கலாம். அதற்கு ஊசியோ மாத்திரையோ போதும். ஒரு கால் மட்டும் மரத்திருந்தால் இடுப்பு முதுகெலும்பையும் சோதிக்க வேண்டும். நரம்பு விடுவிப்பு அறுவை முடிந்தபின் கணுக்கால் தையலைச் சுமார் மூன்று வாரம் விட்டுவைப்பார்கள். ஏனென்றால் ஒவ்வோர் அடியிலும் அந்த இடம் இழுபடும். நரம்பிழை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே வளரும். அதனால் உணர்ச்சி திரும்புவதாக இருந்தாலும் பல மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் பாதம் மரத்த பாதமாகவே இருக்கிறது. தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்ப்பதும், செருப்பைத் தட்டிவிட்டு அணிவதும் அறுவைக்கு முன்பு போலவே தொடர வேண்டும்.