உங்களுக்குத் தெரியுமா? அடைக்கோழியும் குஞ்சுகளும்

இரண்டு வாரமாக ஒவ்வொன்றாய் இட்ட முட்டைகள் எல்லாம் எப்படி ஒரே நாளில் பொரிக்கின்றன? முட்டை கோழியின் வயிற்றுக்குள் இருக்கும்போதே கரு வளரத் தொடங்கிவிடும். வெளியே வந்து சூடு ஆறியதும் வளர்ச்சி நின்றுபோகும். ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கரு உறங்கிக் கிடக்கும். கோழி படுத்து 37.5 டிகிரி அளவுக்குச் சூடு கொடுத்ததும் எல்லாக் கருக்களும் சேர்ந்து விழித்துக்கொள்ளும். அதனால் முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் 21ஆம் நாள்தான் கணக்கு.

நம்மூர்ச் சித்திரை, வைகாசியில் இந்தக் கணக்கு கெட்டுப்போவதும் இதனால்தான். வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி இருக்கும்போது கரு உறங்குவதுமில்லை, ஒழுங்காக வளர்வதுமில்லை. பாதி வளர்ந்து செத்துவிடும். கோடையில் நான்கைந்து நாளுக்கு மேலான முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். மற்ற மாதங்களில் ஒரு வாரம் வரை பரவாயில்லை. ஈரமணல்மேல் மண்பானையை வைத்து, அதற்குள் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கினால் முட்டை குளிர்ச்சியாக இருக்கும். ஃபிரிட்ஜின் குளிர் கருவுக்கு அதிகம். அழுக்காக இருக்கிறதே என்று கழுவவும் வேண்டாம். ஓட்டின்மேல் உள்ள மெல்லிய பூச்சுதான் கிருமியை உள்ளே விடாமல் தடுக்கிறது.

சேவலைப் பிரித்த பிறகும் பெட்டை ஏறத்தாழ இரண்டு வாரம் கருவுள்ள முட்டை இடும். சேவலின் விந்தைத் தன் உடலுக்குள் சேமித்து வைக்கும் நுண்குழாய்கள் அதற்கு உண்டு. வேறு சேவலின் வாரிசு வேண்டும் என்று மாற்றுபவர்கள் அந்த இரண்டு வாரத்து முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

அடைக்கோழியை அடையாளம் காண்பது எளிது. முட்டை இட்ட பிறகும் கூட்டைவிட்டு எழாது. கை நீட்டினால் இறகைச் சிலிர்த்து உறுமும். மார்பில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். முட்டைக்குச் சூடு நேராகப் போய்ச்சேரும் இடம் அது. இத்தனைக்கும் காரணம் புரோலாக்டின் என்ற ஹார்மோன். பண்ணைகளில் வளரும் வெள்ளை லெகார்ன் கோழியிடம், தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் இந்தக் குணம் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. நம் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 80 முட்டையோடு நிற்பதற்கு அடிக்கடி அடை படுப்பதும் ஒரு காரணம். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வராது. மின்சாரம் இல்லாமல் குஞ்சு பொரித்து, வளர்த்தும் கொடுக்கும் கோழி வேறு எது?

அடை தெளிய வேண்டும் என்று மூக்கில் இறகைக் குத்தி விடுவதும் தண்ணீரில் முக்குவதும் பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. இரண்டும் கொடுமை. தேவையே இல்லாத கொடுமையும்கூட. அடிப்பக்கம் கம்பிவலை போட்ட கூண்டைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, கீழிருந்து காற்று வரும்படி செய்யுங்கள். உள்ளே தீனியும் தண்ணீரும் இருக்கட்டும், வைக்கோல் வேண்டாம். வயிற்றுப் பக்கம் குளிர்ந்தால் பெரும்பாலான கோழிகளுக்கு மூன்று நான்கு நாளில் அடை தெளிந்துவிடும்.

சிறுவிடைக் கோழிக்குப் பத்து முட்டை போதும். பெரிய உடம்புள்ள கோழி பன்னிரண்டு, பதின்மூன்று வரை தாங்கும். இறக்கைக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் அது ஒன்றோடு முடியாது. கோழி புரட்டப் புரட்ட ஒவ்வொரு முட்டையும் முறை வைத்து வெளியே வந்து குளிரும்.

கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, ஓரத்தில் நொச்சித் தழை செருகுவது கிராமத்து வழக்கம். பேனும் செள்ளும் அண்டாமல் இருக்கத்தான் நொச்சி. கூடவே கரித்துண்டு, வரமிளகாய், இரும்பு ஆணி வைப்பதும் உண்டு, இடி இடித்தால் முட்டை கெடாது என்று. இடிச் சத்தத்தில் கரு சாவதில்லை. கூரை ஒழுகிக் கூடு நனைந்தால் சாகும். ஆணி வைக்கிற கையோடு கூரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று பழமொழி கேட்கிறது. ஆழமான கூடையில் வைத்தால் சாகும். உயரமான விளிம்பிலிருந்து கோழி முட்டைமேல் குதித்து இறங்கும்போது ஓடு விரிசல் விடுவதும், பொரிக்கும் நேரத்தில் குஞ்சு நசுங்குவதும் நடக்கிறது. நான்கைந்து அங்குல விளிம்பு போதும்.

அடையில் இருக்கும் கோழி நாளுக்கு ஒருமுறை, கால்மணி முதல் அரைமணி நேரம் வரை வெளியே வரும். கம்பு, சோளம், தண்ணீர், புழுதிக் குளியல், மொத்தமாக ஒரு பெரிய எச்சம் — இவ்வளவுதான் வேலை. அந்த நேரத்தில் முட்டை சற்றே ஆறுவதால் கெடுதல் இல்லை. சில கோழிகள் எழுந்திருக்கவே மறுத்து இளைத்துப்போகும். அப்படிப்பட்ட கோழியை மெதுவாகத் தூக்கித் தீனிக்கு அருகில் விடுங்கள். தூக்குவதற்கு முன் இறக்கை இடுக்கில் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முட்டையை நாள் முழுக்கக் கோழி புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் கரு சவ்வோடு ஒட்டி இறந்துவிடும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள்: நடுவில் கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக் கால்கள்போல் இரத்த நாளங்களும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெறுமனே ஒளி ஊடுருவினால் அது கூமுட்டை, எடுத்துவிடலாம். அது அழுகிக் கூட்டுக்குள் வெடித்தால் மற்ற முட்டைகளுக்கும் கேடு.

அரிஸ்டாட்டில் கரு வளர்வதை முட்டை உடைத்தே பார்த்தார். மூன்றாம் நாளில் இதயம் ஓர் இரத்தத் துளிபோலத் துடிப்பது தெரியும் என்று 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அவர் விவரித்திருக்கிறார்.

கோழி 21, வாத்து 28, வான்கோழி 28, கின்னிக்கோழி 26 முதல் 28, காடை 17 அல்லது 18. பொரிக்கும் நாள் வெவ்வேறு என்பதால் இவற்றை ஒரே அடையில் கலக்கக் கூடாது. முதலில் பொரித்த குஞ்சுகளோடு கோழி எழுந்து போய்விடும். மீதி முட்டைகள் குளிர்ந்து சாகும்.

குஞ்சின் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் பெரும்பங்கு முட்டை ஓட்டிலிருந்தே போகிறது. எனவே அடைக்கு முட்டை தரும் பெட்டைக்குக் கிளிஞ்சல் தூள் கொடுத்து வாருங்கள்.

ஓட்டில் முதல் கீறல் விழுந்து குஞ்சு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். பார்ப்பவர் மனம் பதறும். ஓட்டை உரித்து உதவக் கை பரபரக்கும். தயவுசெய்து உரிக்காதீர்கள். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இருப்பதில்லை. ஓட்டின் உட்புறச் சவ்வில் ஓடும் இரத்தத்தை உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது, மிச்சமுள்ள மஞ்சள்கருவை வயிற்றுக்குள் வாங்குகிறது, நுரையீரலால் மூச்சு விடப் பழகுகிறது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் கசியும். அலகு நுனியில் ஒரு சிறு வெள்ளை முள் இருக்கிறதே, ஓட்டை உடைக்கும் கருவி அதுதான். சில நாளில் தானே உதிர்ந்துவிடும்.

அந்த மஞ்சள்கரு குஞ்சுக்கு இரண்டு மூன்று நாள் கட்டுச்சோறு. தாமதமாகப் பொரிக்கும் தம்பி தங்கைகளுக்காகத் தாய்க்கோழி ஒரு நாள் கூடுதலாகக் கூட்டிலேயே படுத்திருந்தாலும் முதல் குஞ்சு பட்டினியில் சாகாதது இதனால்தான். கூட்டைக் கலைத்துத் தீனி ஊட்ட வேண்டாம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாய்க்கோழிகளை வைத்துச் செய்த இரண்டு ஆய்வுகள் எனக்கு மிகவும் பிடித்தவை. 1996இல் வெளியான ஆய்வில், ஒரு நிறத் தீனி சுவை கெட்டது என்று தாய்க்கோழிகளுக்குப் பழக்கினார்கள். பிறகு குஞ்சுகள் அதே நிறத் தீனியைத் தின்பதைப் பார்த்ததும், தாய்க்கோழிகள் முன்னைவிட அதிகமாகத் தரையைக் கொத்தியும் கிளறியும் காட்டின. 2011இல் வெளியான ஆய்வில் குஞ்சுகள்மேல் லேசாகக் காற்றை ஊதினார்கள். பார்த்துக்கொண்டிருந்த தாயின் இதயத் துடிப்பு கூடியது. தாய்ப்பாசம் மனிதருக்கு மட்டும் உரியது என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

பருந்துக்கு ஒரு குரல், பூனைக்கு ஒரு குரல். வானத்திலிருந்து வரும் ஆபத்துக்கும் தரையில் வரும் ஆபத்துக்கும் கோழி வெவ்வேறாகக் கத்தும். ஆனாலும் முதல் பத்து நாள் தாயையும் குஞ்சுகளையும் பகலில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதே நல்லது. காக்கை, கீரி, பூனை மூன்றுக்கும் கோழியின் வீரம் மட்டும் போதாது. இரவில் எலி நுழையாத கூடு வேண்டும்.

தண்ணீர்த் தட்டு அரை அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம், அல்லது கூழாங்கல் போட்டு வையுங்கள். குஞ்சு மூழ்கிச் சாகப் பெரிய குளம் தேவையில்லை.

முதல் வாரத் தீனிக்கு உடைத்த கம்பும் அரிசி நொய்யும் வயிற்றை நிரப்பும். வளரப் புரதம் வேண்டும். பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, தென்னை மட்டைத் துண்டு அடைத்து, தண்ணீர் தெளித்து, மாலையில் கறையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால், காலையில் பானை நிறையக் கறையான் இருக்கும். இவ்வளவு மலிவான புரதம் கடையில் கிடைக்காது.

வாங்கி வந்த குஞ்சை அடைக்கோழியோடு சேர்க்க இரவுதான் நேரம். கோழி தன் முட்டைகளைப் பொரித்துக்கொண்டிருக்கும் நாட்களில், ஓரிரு நாள் வயதுள்ள குஞ்சுகளை இருட்டில் வயிற்றுக்கு அடியில் செருகினால் பெரும்பாலும் விடியும்போது அவையும் அதன் பிள்ளைகளாகிவிடும். வாரம் கடந்த குஞ்சைக் கொத்தி விரட்டும்.

தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்து வரலாம். எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிர இதற்குப் போதுமான சூடு தராது. பழைய இழை பல்பு அல்லது சூட்டு விளக்கு போடுங்கள். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர், விலகி ஓடி வாய் பிளந்தால் வெப்பம்.

மூன்று வார வயதைத் தாண்டிய குஞ்சு இரத்தம் கலந்து கழிந்தால் இரத்தக் கழிச்சலாக இருக்கலாம். ஈரத் தரை அதற்குத் தாய்வீடு. தரையைக் காய வைத்து மருத்துவரைப் பாருங்கள்.

இத்தனை பாடுபட்டு வளர்த்த குஞ்சுகளை ஒரே வாரத்தில் கூட்டோடு அள்ளிக்கொண்டு போவது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு மருந்தில்லை. வருமுன் தடுப்பு உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மீண்டும் சொட்டு, எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இதற்காக இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். புறக்கடையில் பத்துக் கோழி வைத்திருப்பவரும் போகலாம். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் முகாம் நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டுக் கோழிகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.