கல்லூரிப் பெயரைக் கேட்காத வாசல்கள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில் பி.காம். முடித்த பிள்ளைகள் இன்று பலர். கடையில் கணக்கு எழுதியோ, மூட்டை சுமந்தோ படிக்க வைத்த தகப்பனாருக்கு, மகன் வங்கிக் குமாஸ்தா ஆனாலே பெரிய நிம்மதி. மகனோ "இன்வெஸ்ட்மெண்ட் பாங்கிங்" என்கிறான். அது என்ன வேலை, நம் வீட்டுப் பிள்ளைக்கு எட்டுமா, எவ்வளவு செலவாகும் என்பவை நியாயமான கேள்விகளே.

என்ன தொழில்?

சேமிப்புக் கணக்கும் நகைக் கடனும் உள்ள வங்கியல்ல இது. ஒரு கம்பெனி தன் பங்குகளை முதன்முதலாகப் பொதுமக்களுக்கு விற்கும்போது விலையை மதிப்பிட்டு, வேண்டிய ஆவணங்களைத் தயாரித்து, முதலீட்டாளர்களைத் திரட்டித் தருவது ஒரு வேலை. ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது ஆலோசனை கூறுவது மற்றொரு வேலை. நம் நாட்டில் இது "மெர்ச்சண்ட் பாங்கிங்" என்ற பெயரில் வந்தது. கிரிண்ட்லேஸ் வங்கி 1967-ம் ஆண்டிலும், ஸ்டேட் பாங்க் 1972-ம் ஆண்டிலும் இதில் இறங்கின. ஸ்டேட் பாங்க் இதற்கென்றே எஸ்.பி.ஐ. காப்பிடல் மார்க்கெட்ஸ் என்ற துணை நிறுவனத்தை 1986-ல் அமைத்தது.

சாத்திய கதவு

பெரிய நிறுவனங்கள் ஆமதாபாத், பெங்களூர், கல்கத்தா ஐ.ஐ.எம். போன்ற சில இடங்களில்தான் நேரில் சென்று ஆள் எடுக்கின்றன. நாகர்கோவிலிலோ நெய்யாற்றின்கரையிலோ உள்ள கல்லூரிக்கு அவை வருவதில்லை. அமெரிக்காவிலும் இதே நிலைதான் என்பதைப் பேராசிரியை லாரன் ரிவேரா 2015-ல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். மறு ஆண்டே கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனம், கல்லூரிகளுக்குச் சென்று நடத்தும் முதல் சுற்று நேர்காணலை இளநிலைப் பட்ட மாணவர்களுக்கு நிறுத்தி, வீடியோ மூலம் நடத்தத் தொடங்கியது. எந்தக் கல்லூரி மாணவரும் மனுச் செய்யலாம் என்றாயிற்று. ஆனால் மனுக்கள் குவியும் இடத்தில், மனுச் செய்தால் மட்டும் போதாது.

அதே கோல்ட்மேன் சாக்ஸில், பள்ளிப் படிப்பையே முடிக்காத சிட்னி வைன்பெர்க் 1907-ல் துப்புரவுப் பணியாளரின் உதவியாளராகச் சேர்ந்து, 1930-ல் அதன் தலைமைக்கே உயர்ந்தார். இன்று அப்படி நுழைய வழியில்லை. இன்றைய வழி, கல்லூரிப் பெயர் பார்க்காத தேர்வுகளே.

மூன்று வாசல்கள்

முதலாவது, சி.ஏ. வணிகவியலில் 55 சதவீத மதிப்பெண்ணுடன் பட்டம் பெற்றவர் நேராக இடைநிலைக்குச் சேரலாம். 2023-ல் வந்த புதிய திட்டப்படி பயிற்சிக் காலம் இரண்டு ஆண்டுகள். அப்போது உதவித்தொகையும் உண்டு. தேறியவர்களுக்குச் சி.ஏ. இன்ஸ்டிடியூட்டே வேலைத் தேர்வு முகாம்கள் நடத்துகிறது. அதன் கிளை நம் ஊரிலேயே இருக்கிறது. தேர்வு கடினம்; பலமுறை எழுத மனம் வேண்டும்.

இரண்டாவது, வங்கி அதிகாரித் தேர்வு. ஏதாவது ஒரு பட்டம் போதும். பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 30. குமாஸ்தா பதவிக்கு அந்தந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும். அதிகாரிப் பதவிக்கு அந்த நிபந்தனை இல்லை என்பதை மலையாளம் எழுதத் தெரியாத நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். தமிழரான என். வாகுல் சென்னை லயோலாவில் படித்தவர்தான். ஆனால் வங்கிக்குள் அவர் நுழைந்தது 1957-ல், ஸ்டேட் பாங்க் புரொபேஷனரி ஆபீசராக. பின்னர் 1985-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. தலைவரானார். அவர் தலைமையில்தான் அந்நிறுவனம் 1993-ல் அமெரிக்காவின் ஜே.பி. மார்கனுடன் சேர்ந்து முதலீட்டு வங்கித் தொழிலில் இறங்கியது.

மூன்றாவது, ஐ.ஐ.எம்.களுக்கான காட் தேர்வு. பட்டப்படிப்பில் 50 சதவீதம் பெற்ற எவரும் எழுதலாம். பள்ளி மதிப்பெண்ணும் கணக்கில் வரும். படிப்புச் செலவு இருபது லட்சத்தையும் தாண்டும். 2024-ல் அறிவிக்கப்பட்ட பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், சிறந்த கல்வி நிலையங்களில் இடம் பெற்றவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இன்றிக் கடன் கிடைக்கும்.

இவற்றோடு, செபி 2006-ல் நிறுவிய என்.ஐ.எஸ்.எம். நடத்தும் மெர்ச்சண்ட் பாங்கிங் சான்றிதழ்த் தேர்வையும் எழுதலாம். அது மட்டும் வேலை வாங்கித் தராது. விஷயம் தெரிந்தவர் என்று காட்ட உதவும்.

நகையை அடகு வைக்குமுன்

"ஆறே மாதத்தில் இன்வெஸ்ட்மெண்ட் பாங்கர்" என்று விளம்பரம் செய்யும் தனியார் பயிற்சிகளுக்குப் பெரும் தொகை கேட்கிறார்கள். பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். வேலை உத்தரவாதம் எழுத்தில் உண்டா? சென்ற ஆண்டு படித்தவர்கள் எந்தக் கம்பெனியில், என்ன பதவியில், என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள்? வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வருமா? பங்கு வர்த்தகக் கணக்குகளைச் சரிபார்க்கும் பணிக்கும் "இன்வெஸ்ட்மெண்ட் பாங்கிங்" என்றே பெயர் சொல்லுவார்கள். அதுவும் கௌரவமான வேலைதான்; ஆனால் அதற்காகத் தாயின் நகை அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

எல்லாப் பிள்ளைகளும் முதலீட்டு வங்கியில் உட்கார்ந்துவிட முடியாது. ஆனால் சி.ஏ. தேறியவனுக்கு அது கிடைக்காவிட்டாலும் ஆடிட்டர் தொழில் உண்டு. வங்கித் தேர்வில் வென்றவனுக்கு மாதச் சம்பளம் உண்டு. எண்ணிய இடம் கிட்டாவிட்டாலும் கையில் ஒரு பிழைப்பு நிற்கும் வழி எதுவோ, அதில் பணத்தைப் போடுவதே கஷ்டப்பட்டுச் சேர்த்த குடும்பங்களுக்கு நல்லது.